ஜனூபாவின் அறையில் ஓர் அவுலியா

இந்த நாட்டில் ஒரு மனிதன் தன் அழுக்கைக் கழுவுவதற்குக்கூட முன்கூட்டியே நேரம் பிடிக்க வேண்டும். நாங்கள் குடியிருக்கும் அடுக்குமாடியின் நிலக்கீழ் தளத்தில் எல்லாக் குடும்பங்களுக்கும் பொதுவாக ஒரு சலவை அறை இருக்கிறது. ட்வெத்ஸ்தூகா என்பார்கள். அதன் வாசலில் ஒரு பலகை. பலகையில் கிழமையும் நேரமும். வேண்டிய நேரத்துக்கு எதிரே நம் வீட்டு இலக்கம் எழுதிய சிறு பூட்டைக் கொழுவி வைத்தால் அந்த நேரம் நமக்குச் சொந்தம். லிஃப்டில் வருடக்கணக்காக ஒன்றாய்ப் போய்வந்தும் வாய் திறக்காத அயலவர், நாம் துணியை எடுக்கக் கொஞ்சம் பிந்திவிட்டால் மட்டும் கதவில் ஒரு கடதாசித் துண்டை ஒட்டிப் பேச்சைத் தொடங்குவார். கடைசியில் சிரிக்கிற முகம் ஒன்றும் கீறியிருக்கும். சுவீடன்காரர் சண்டை பிடிக்கும் முறை அது. வேலிச் சண்டை என்றால் மூன்று ஒழுங்கைக்குக் கேட்க வேண்டும் என்று நினைத்து வளர்ந்த எனக்கு, அந்தச் சிரிக்கிற முகத்தைக் கண்டால்தான் பயம்.

என் மனைவி ஜனூபாவுக்கு அந்தப் பலகையைக் கண்ணில் காட்டக் கூடாது. ஈரத் துணிக் கூடையோடு மேலே வரும்போதெல்லாம் ஒரே பேச்சுத்தான். "எண்ட வூட்டுக்குப் போனா நான் நெனச்ச நேரம் உடுப்புக் கழுவுவன். ஆருட்டயும் கேக்கத் தேவல்ல." குளியலறையில் ஒரு கொழுக்கி அடிக்க ஆசைப்பட்டாள், வாடகை வீட்டுச் சுவரில் ஓட்டை போடக் கூடாது என்று கட்டடக் கம்பனி சொல்லிவிட்டது. அன்றும் அதே பேச்சு. நான் இந்த நகரத்தில் டிராம் ஓட்டுகிறேன். வரைபடத்தில் கோதன்பர்க் என்று போட்டிருக்கும், இங்கே யொத்தெபொரி என்பார்கள். எனக்கு ஊர் என்பது கடற்கரை, கூட்டாளிமார், தேத்தண்ணிக் கடை என்று பல துண்டாகக் கிடக்கிறது. ஒரு துண்டு போனாலும் மற்றத் துண்டைப் பிடித்துக்கொள்வேன். ஜனூபாவுக்கு அப்படியில்லை. அவளுக்கு ஊர் என்றால் அவளுடைய வீடு. நான் பென்சன் எடுத்ததும் அங்கேதான் போய் இருப்பது என்று என்னைக் கேட்காமலே தீர்மானித்து வைத்திருக்கிறாள்.

வேறு பகுதிகளில் இருந்து வந்தவர்களும் இதை வாசிப்பீர்கள் என்பதால் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இலங்கையில் எங்கள் அம்பாறைக் கரையோரத்தில் வீடு பெண்ணுக்கு. பெண் பிள்ளை பிறந்துவிட்டால் தகப்பன் அன்றிலிருந்தே கல்லையும் சீமெந்தையும் பற்றி யோசிக்கத் தொடங்குவான். கலியாணம் முடிந்ததும் மாப்பிள்ளை ஒரு சூட்கேசோடு மனைவி வீட்டுக்குப் போவான். பெற்றோர் அந்த வீட்டை மகளுக்குக் கொடுத்துவிட்டுப் பின்வளவில் ஒரு சிறு வீட்டுக்கு ஒதுங்குவார்கள். ஆம்பிளைக்குப் பிறந்த வீடும் தங்கச்சியுடையது, போய்ச் சேர்ந்த வீடும் மனைவியுடையது. மார்க்கத்தில் சீதனம் இல்லை என்று மிம்பரில் ஏறி முழங்குகிற மௌலவியும், இறங்கி மத்தியானச் சோற்றுக்குப் போவது மனைவியின் வீட்டுக்குத்தான். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. நானும் சூட்கேசோடு போனவன்தான்.

ஜனூபாவின் வீடு கல்முனைப் பக்கம், கடலுக்குக் கிட்டே இருக்கிறது. எந்த ஊர், எந்த வீதி என்று சொல்லமாட்டேன். ஏன் என்பது போகப் போக விளங்கும். அவளுடைய வாப்பா சாகாமத்து வயலில் விளைந்ததையெல்லாம் போட்டுக் கட்டிய வீடு. நாங்கள் வெளிநாடு வந்தபின் வீட்டுத் திறப்பை வைத்திருந்து பார்த்துக்கொள்ளும் பொறுப்பு அவளுடைய காக்கா ஆதம்பாவாவுக்கு. காக்கா என்றால் எங்கள் பகுதியில் அண்ணன். ஆதம்பாவா மச்சான் இளைப்பாறிய வாத்தியார், அதோடு எழுத்தாளர். 'பூட்டில்லாக் கதவு' என்று ஒரு ஞான நாவல் எழுதி, சொந்தச் செலவில் அச்சடித்து, தன் மனைவியின் கட்டிலுக்குக் கீழே பத்திரமாக அடுக்கி வைத்திருந்தார்.

நாவலின் கதை இதுதான். பேசாத ஃபக்கீர் ஒருவர் கடற்கரையால் நடந்து வருகிறார். ஆளில்லாத ஒரு வீட்டில் தங்குகிறார். முதல் வேலையாக வாசற்கதவைக் கழற்றி விறகாக்கிவிடுகிறார். உயிரோடு இருக்கும்வரை ஒரு கோப்பை தண்ணீர் கொடுக்காத ஊர், அவர் மௌத்தானதும் அந்த வீட்டிலேயே அடக்கிச் சமாதி கட்டி, யார் நிர்வாகம் செய்வது என்று அடிபடுகிறது. 'என் வீடு என்று சொல்லும் நாவு இறைவனின் வாசலில் ஊமையாகிவிடும்' என்று ஒரு வரி அதில் வரும். மச்சானுக்கு மிகவும் பிடித்த வரி அது. ரெலிபோனிலும் சொல்லிக் காட்டுவார். துறவைப் பற்றி எங்கள் பகுதி ஆம்பிளைகள் இவ்வளவு அழகாக எழுதுவதில் எனக்கு வியப்பில்லை. துறப்பதற்கு அவர்களிடம் வீடு இருந்தால்தானே. ஜனூபா அந்த நாவலில் நாலு பக்கம் வாசித்துவிட்டு, "கதவக் கழட்டி எரிச்சா நாய் வந்து படுக்கும்" என்று மூடி வைத்தாள். நான் கேட்ட நாவல் விமர்சனங்களில் சுருக்கமானது அது.

அந்த நாவலைக் கொழும்பில் ஓர் இளம் இயக்குநர் எப்படியோ வாசித்து, எங்கெங்கோ ஐரோப்பியப் பணம் திரட்டிப் படமாக்கினார். மச்சான் எங்களுக்குச் சொன்னதெல்லாம், படம் எடுக்கிறார்கள், பழைய வீடு ஒன்றும் கிடைத்திருக்கிறது, துஆச் செய்யுங்கள் என்பதுதான். நாங்களும் செய்தோம். பிறகு ஒருநாள் இரண்டாம் மாடிக் கெர்ஸ்டின் எங்கள் கதவைத் தட்டினாள். கட்டடத்தில் எங்களோடு பேசுகிற ஒரே மனிசி அவள்தான். முன்னொரு காலத்தில் இந்தியாவில் ஆறு மாதம் தியானம் இருந்தவள். அதனால் எனக்கும் தியானம் தெரியும் என்று உறுதியாக நம்புகிறாள். டிராமை நான் அமைதியாக ஓட்டுவதற்கும் அதுதான் காரணமாம். "உங்கள் நாட்டுப் படம் ஒன்று வந்திருக்கிறது, ஆன்மிகப் படம், சனிக்கிழமை போவோமா" என்று கேட்டாள். பெயரைப் பார்த்தால் மச்சானின் நாவல். ஜனூபா நல்ல அபாயா ஒன்றை எடுத்து மினுக்கினாள். காக்காவின் பெயரைத் திரையில் பார்க்கிற பெருமை முகத்தில் நன்றாகத் தெரிந்தது.

சின்னத் தியேட்டர். கல்முனையில் நாங்கள் படம் பார்த்த காலத்தில் கதாநாயகன் வந்தால் விசிலடித்துக் கூரையைக் கிளப்புவோம். வீட்டுக்குத் தெரியாமல் வந்தவர்கள்தான் அதிகம் விசிலடிப்பார்கள். இங்கே நாற்பது பேர் மையத்துக் கிடக்கும் சாவு வீட்டில் இருப்பது போல இருந்தார்கள். படமும் அவர்களுக்கு ஏற்றதுதான். முதல் கால் மணித்தியாலம் கடல். அடுத்த கால் மணித்தியாலம் கடலைப் பார்க்கிற ஃபக்கீர். அதற்குப் பிறகுதான் வீடு வந்தது. சுவரில் சாந்து உதிர்ந்து கல் தெரிய, கரி பிடித்து, வாசலில் நிலை மட்டும் நிற்கக் கதவில்லாமல் ஒரு வீடு. நான் ஒன்றும் கவனிக்கவில்லை. ஜனூபா என் கையைப் பிடித்தாள்.

"இஞ்சருங்க, அந்த ஜன்னல் கம்பியப் பாருங்க."

மயில் கம்பி. அவளுடைய வாப்பா அக்கரைப்பற்றில் நின்று செய்வித்தது. தோகையில் ஒரு கம்பி குறைந்துவிட்டது என்று வெல்டிங்காரனோடு சண்டை பிடித்தும் திருத்திக் கொடுக்காத மயில். அந்த ஊனமான மயில் ஐரோப்பியத் திரையில் இந்தப் பக்கத்துக்கும் அந்தப் பக்கத்துக்கும் நிறைந்து நின்றது. இயக்குநருக்கு அது மிகவும் பிடித்துவிட்டது போலும், எடுத்து முடியவில்லை. பிறகு கமெரா மெதுவாக ஹோலைத் தாண்டி உள் அறைக்குள் போனது. அறையின் நடுவில் பச்சைப் பட்டுப் போர்த்திய சமாதி. நாலு மூலையிலும் சாம்பிராணி. நாங்கள் புது மாப்பிள்ளை பெண்ணாக இருந்த அறை அது.

"எண்ட கட்டில் கிடந்த இடம்" என்று ஜனூபா வாய்விட்டுச் சொன்னாள். அந்த மௌனத்தில் அது பள்ளிவாசல் பாங்கு போலக் கேட்டது. முன்வரிசையில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்துச் சிரித்த முகம் காட்டினார்கள்.

படம் முடிந்ததும் கெர்ஸ்டின் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். ஜனூபாவின் கண்ணிலும் நீரைக் கண்டதும் அவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். ஜனூபா தனக்குத் தெரிந்த சுவீடிஷில் தெளிவாகவே சொன்னாள்: "அது என் வீடு. அந்த அறை என் அறை."

"எனக்கும் அப்படித்தான் இருந்தது" என்றாள் கெர்ஸ்டின். "அது என் வீடும்தான். நாம் எல்லாரும் அந்த அறைக்குத்தானே திரும்பிப் போகிறோம்."

"இல்லை. வீட்டு உறுதிப் பத்திரம் என் பெயரில் இருக்கிறது" என்றாள் ஜனூபா.

கெர்ஸ்டின் அதையும் ஞானமாக எடுத்துக்கொண்டு, நெஞ்சில் கைவைத்துத் தலையாட்டினாள். நான் நடுவில் புகுந்து விளக்கியிருக்கலாம். ஆனால் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஜனூபா என்னைப் பார்த்த பார்வையில் டிராம் ஏறி வீடு வந்து சேரும்வரை சிரிப்பு மறுபடி வரவில்லை.

வீட்டுக்கு வந்து அபாயாவைக்கூடக் கழற்றாமல் காக்காவுக்கு ரெலிபோன் எடுத்தாள்.

"காக்கா, எண்ட அறைக்குள்ள என்ன கபுறு?"

"அது கபுறு இல்ல தங்கச்சி. செட்டு. படத்துக்குக் கட்டின."

"செட்டெண்டா கழட்டுங்க."

மச்சான் மெதுவாகச் சொன்னார்: "கழட்ட ஏலாம கிடக்கி, தங்கச்சி. கொஞ்சம் பெரிய கதை."

பெரிய கதைதான். படக்காரர்கள் ஊரில் ஒரு மேசனைப் பிடித்து, பலகையால் சட்டம் அடித்து மேலே சாந்து பூசினால் போதும், பிறகு பிரித்துவிடலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். மேசனுக்கு மனம் ஒப்பவில்லை. இறைநேசரான ஓர் அவுலியாவுக்குக் கட்டுவதைப் பலகையில் கட்டுவதா என்று, நிலத்தைக் கொத்தி, அத்திவாரம் போட்டு, கம்பி கட்டிக் கொங்கிறீட் ஊற்றிவிட்டான். மனிதருக்குக் கட்டும் வீட்டில் சீமெந்தைக் குறைப்பவன், இதில் ஒரு பிடி குறைக்கவில்லை. இது முதல் விஷயம். இதுமட்டும் என்றால் இரண்டு கூலியாட்கள் ஒரு நாளில் உடைத்து முடித்திருப்பார்கள்.

இரண்டாவது விஷயம்தான் மோசம். படத்தில் ஃபக்கீரின் ஜனாஸா ஊர்வலம் ஒன்று வரும். அதை ஊருக்குள் நிஜமான வீதியில் எடுத்திருக்கிறார்கள். இயக்குநர் கமெராவை ஒரு மாடியில் ஒளித்து வைத்துவிட்டு, நடிப்பதற்கென்று இருபது பேருக்குத் தொப்பி போட்டு, மையத்துப் பெட்டியான சந்தூக்கைத் தூக்க வைத்தார். எங்கள் ஊர் வழக்கம் அந்தக் கொழும்புப் பிள்ளைக்குத் தெரியாது. வீதியால் ஒரு ஜனாஸா போனால் கடையில் இருப்பவன் கடையை விட்டு இறங்குவான், சைக்கிளில் வருபவன் சைக்கிளைச் சாத்துவான், ஓடிப்போய்த் தோள் கொடுத்துப் பத்தடியாவது நடப்பான். யாருடைய மையத்து என்று பிறகுதான் கேட்பான். நன்மையைத் தவறவிடக் கூடாதே. இருபது பேராகப் புறப்பட்ட ஊர்வலம் வீடு போய்ச் சேரும்போது வீதி நிறைந்த சனமாகிவிட்டது. "மையத்து ஆருட?" என்று கேட்டவர்களிடம், ஷொட் கெட்டுவிடும் என்று பயந்த உதவி இயக்குநர் உதட்டில் விரலை வைத்துக் காட்டியிருக்கிறார். பெயர் சொல்லக்கூடாத பெரிய மனிதர் என்று சனம் விளங்கிக்கொண்டது. எல்லாரும் யாசீன் ஓதி, கை ஏந்தி ஆமீன் சொல்லி, அழுகிறவர்கள் அழுது, வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டுப் படுத்தார்கள். இயக்குநர் அன்று இரவு மச்சானைக் கட்டிப்பிடித்து, உங்கள் ஊர் ஆட்களைப் போல நடிகர்களை நான் கண்டதில்லை என்றாராம்.

படக்காரர்கள் சாமான் கட்டிப் போன அடுத்த வெள்ளிக்கிழமை, ஒரு மனிசி வந்து வாசலில் சாம்பிராணி கொளுத்தினாள். தான் தோள் கொடுத்த அவுலியா இங்கேதானே அடங்கியிருக்கிறார் என்று அவளுடைய கணவன் சொல்லி அனுப்பியிருந்தான். கதவு இருந்தால் பூட்டியிருக்கலாம். கதவைப் படத்துக்காகக் கழற்றியாகிவிட்டது.

நான் முதலில் இதையெல்லாம் ரசித்தேன் என்பதை மறைக்கவில்லை. டிராம் ஓட்டுகிறவனுக்கு ஒருநாளில் சிரிக்க அதிகம் கிடைப்பதில்லை. ஊர் வட்ஸ்அப் குழுவில் அவுலியா காட்டிய அற்புதம் என்று தினம் ஒரு கராமத்து வந்தது. கடல் பொங்கி வந்த காலத்தில் எங்கள் மதில் விழுந்தும் வீடு நின்றதல்லவா, அதுவும் அவுலியாவின் காவல்தான் என்று ஒருவர் குரல் போட்டிருந்தார். அவுலியா வந்ததே அதற்குப் பல வருடம் கழித்து என்று நான் எழுதினேன். அவுலியாக்களுக்குக் காலம் கிடையாது என்று எனக்குப் பதில் வந்தது. இருபத்தேழு பேர் அதற்குப் பெருவிரல் போட்டார்கள். சமாதி கூடாது என்கிற தரப்பு உடைக்க வந்தது. கூடும் என்கிற தரப்பு காவலுக்கு நின்றது. கடைசியில் பள்ளிவாசல் நிர்வாகம் இரண்டு தரப்பையும் இருத்திப் பேசி, தேத்தண்ணி கொடுத்து, இரண்டு தரப்பும் ஏற்றுக்கொண்ட ஒரு முடிவுக்கு வந்தது. உள்ளே ஆள் இருந்தால் கபுறைத் தோண்டுவது ஹராம். ஆள் இல்லாவிட்டால் தோண்ட வேண்டிய தேவையே இல்லை. ஆகவே யாரும் கை வைக்கக் கூடாது. எங்கள் ஊரில் இவ்வளவு ஒற்றுமையாக ஒரு தீர்மானம் நிறைவேறி நான் கேட்டதில்லை. வீட்டுக்காரியைக் கேட்க வேண்டும் என்ற எண்ணம் மட்டும் இரு தரப்பிலும் ஒருவருக்கும் வரவில்லை.

எங்கள் மகள் ஆமினா இங்கே பிறந்து வளர்ந்தவள். வழக்கப்படி அந்த வீடு ஒருநாள் அவளுக்குச் சேர வேண்டும். அவளுக்குச் சுவீடன் சட்டம்தான் தெரியும். "உம்மா, அவருக்கு இப்ப முதல்தரக் குத்தகை உரிமை வந்திட்டுது. எழுப்ப ஏலாது" என்று சிரித்தாள். ஜனூபா சிரிக்கவில்லை. அடுப்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவள் கத்தியை வைத்தாள்.

"உசிரோட இரிக்கிற எனக்குப் படுக்க ஒரு அறை இல்ல. இல்லாத மையத்துக்கு எண்ட அறை இரிக்கி" என்றாள்.

அன்றுதான் நான் சிரிப்பை விட்டேன். அவள் இங்கே வந்த நாளில் இருந்து ஒன்றையும் தன்னுடையது என்று எடுத்துக்கொள்ளவில்லை. இந்தச் சோபாவும் கட்டிலும் யாரோ வைத்துவிட்டுப் போனவை போலத்தான் துடைப்பாள். அங்கே ஒன்று இருக்கிறது என்ற தைரியத்தில் இங்கே இல்லாமலே இருந்து பழகியவள். அங்கேயும் இல்லை என்றால் அவள் எங்கே போவாள் என்று எனக்குப் பயம் வந்தது. அடுத்த கோடை லீவுக்கு டிக்கட் போட்டேன். கெர்ஸ்டினிடம் சொன்னபோது, "எவ்வளவு பெரிய மனது உங்களுக்கு, வீட்டையே மக்களுக்குக் கொடுத்திருக்கிறீர்கள்" என்று ஜனூபாவின் கையைப் பிடித்துக் கொஞ்ச நேரம் கண்ணை மூடி நின்றாள். ஜனூபா அந்தக் கையை மெதுவாக விடுவித்துக்கொண்டு, துணி காய்ந்திருக்கும் என்று கீழே போனாள்.

ஊரில் நாங்கள் தங்கியது ஆதம்பாவா மச்சானின் வீட்டில், அதாவது அவருடைய மனைவியின் வீட்டில். மச்சான் மெலிந்திருந்தார். ஆனால் நாவல் கொழுத்திருந்தது. கட்டிலுக்குக் கீழே இருந்த பிரதிகள் எல்லாம் போய், இரண்டாம் பதிப்பும் முடிந்து, மூன்றாம் பதிப்பு அச்சில் கிடந்தது. தமிழில் ஒரு நாவலுக்கு மூன்றாம் பதிப்பு வருவது கராமத்து இல்லையென்றால் வேறு எது கராமத்து. வாங்கிக்கொண்டு போகிறவர்கள் பச்சைத் துணியில் சுற்றி மேல் தட்டில் வைக்கிறார்களாம். வீட்டில் இருந்தால் பரக்கத்தாம்.

"நான் எழுதினது இதுக்கு எதிராத்தான், தங்கச்சி" என்றார் மச்சான். தங்கையின் முகத்தைப் பார்க்கவில்லை. "கபுறு கட்டி அடிபடாதீங்க எண்டுதான் கடைசி அத்தியாயமே."

"அத அவங்களுக்குச் சொல்லல்லையா?" என்றாள் ஜனூபா.

"சொன்ன. அது நான் மனசால புனைஞ்ச கதை, உள்ள ஒருவரும் இல்ல எண்டு பள்ளியில எழும்பி நிண்டு சொன்ன. எழுதின உங்களுக்கே தெரியாம அவர் உங்களக்கொண்டு எழுதுவிச்சிருக்கார் எண்டு சொல்றாங்க. மறுகா என்னத்தக் கதைக்கிற?"

அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் மூன்றாம் பதிப்பை நிறுத்தவும் இல்லை. ஜனூபா அவரோடு சண்டை பிடிப்பாள் என்று எதிர்பார்த்தேன். "நாளைக்கு நான் போறன்" என்று மட்டும் சொன்னாள். அன்று முழுக்க ஒரு வசனத்தைத் தனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு திரிந்தாள். நான் பக்கத்தில் இருந்து கேட்டேன். "இது எண்ட வூடு. எண்ட வாப்பா எனக்குக் கட்டித் தந்த வூடு. எல்லாரும் எழும்பி வெளிய போங்க." அவ்வளவுதான். உறுதியின் பிரதியும் கைப்பையில் இருந்தது.

வெள்ளிக்கிழமை அசர் தொழுகைக்குப் பிறகு போனோம். ஒழுங்கை முனையிலேயே கச்சான் கடலைக் கடையும் ஊதுபத்திக் கடையும் முளைத்திருந்தன. எங்கள் மதிலைத் திரும்பக் கட்டிப் பச்சை அடித்திருந்தார்கள். நாங்கள் எத்தனையோ தடவை கட்டச் சொல்லிக் காசு அனுப்பியும் எழும்பாத மதில். வாசலில் இருந்து சமாதிவரை கயிறு கட்டி, ஆம்பிளைகள் ஒரு பக்கம், பொம்பிளைகள் மறுபக்கம். நான் என் ஹோலில் கயிற்றுக்கு இந்தப் பக்கம் வரிசையில் நின்றேன். பின்னால் நின்றவர் தள்ளாமல் போகச் சொன்னார். ஜனூபா அந்தப் பக்கம் வாசற்படியில் நின்றாள். இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு கை நீளம்தான், அவள் சொல்லப்போவது எனக்குக் கேட்கும்.

அவளுக்கு முன்னால் மெலிந்த மனிசி ஒருத்தி. வாசலில் கதிரை போட்டு இருந்த வயசான பெண் ஒருத்தி வருகிறவர்களிடம் நாட்டம் என்ன என்று கேட்டு, ஒரு பச்சை நூலைக் கொடுத்து உள்ளே அனுப்பிக்கொண்டிருந்தாள்.

"மூணு கொமரு இரிக்கி, ராத்தா" என்றாள் அந்த மெலிந்த மனிசி. "மூத்தவளுக்கு முப்பது தாண்டிற்று. வாற மாப்பிளையெல்லாம் வூடு எங்க எண்டுதான் கேக்கிறாங்க. அவரு கடலுக்குப் போற மனிசன், அத்திவாரத்தோட நிக்கிது. ஒரு புள்ளைக்காவது ஒரு வூடு."

"இஞ்ச வாற முக்காவாசிப் பேருக்கும் அந்த நாட்டம்தான். வூடில்லாத அவுலியா, வூடு கேட்டா இல்லெண்டு சொல்லமாட்டார். போங்க புள்ள."

உள்ளே பார்த்தேன். ஜனூபாவின் அறை நிலத்தில் பொம்பிளைகள் நெருக்கி இருந்தார்கள். ஒருத்தியின் மடியில் பிள்ளை நித்திரை. எல்லாரும் வீடு கேட்டு வந்தவர்கள். ஜனூபாவும் பார்த்தாள். கைப்பையை மார்போடு அணைத்துப் பிடித்தாள். அவளுடைய உதடு அசைந்தது. 'இது எண்ட' என்றுதான் தொடங்கப் போகிறாள் என்று நான் காத்து நின்றேன். சத்தம் வரவில்லை.

"எந்த ஊரால வந்த நீங்க?" என்று கதிரைக்காரி கேட்டாள்.

"சுவீடன்."

"அந்தத் தூரத்தால வந்திரிக்கீங்க. என்ன நாட்டம், மகள்?"

ஜனூபா உள்ளே இருந்தவர்களை இன்னொரு தடவை பார்த்தாள். பிறகு, "வூடுதான்" என்றாள். கண் நிறைந்துவிட்டது.

"அழாதீங்க. இஞ்ச வந்து அழுத ஒருவரும் வெறுங்கையோட போனதில்ல." கதிரைக்காரி எழும்பி அவளுடைய கையில் நூலைக் கட்டிவிட்டாள். ஜனூபா இன்னும் படியிலேயே நிற்பதைக் கண்டு முதுகில் கைவைத்தாள். "ஏன் தயங்குறீங்க? உங்கட சொந்த வூடு மாதிரி நெனச்சு உள்ள வாங்க."

"தாக்" என்றாள் ஜனூபா. நன்றி என்பதற்குச் சுவீடிஷ். பிறர் வீடுகளில் விருந்தாளியாக நின்று சொல்லிச் சொல்லி நாக்கில் ஏறிவிட்ட சொல், தமிழை முந்திக்கொண்டு வந்துவிட்டது. பிறகு செருப்பைக் கழற்றி மற்றச் செருப்புகளோடு வைத்துவிட்டு, வலது காலை எடுத்து வைத்து உள்ளே போனாள்.